சிஸ்டத்தில் மாற்றியாயிற்று, காரில் மாற்றவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெயர் போட மாட்டேன். சேர்விஸ் சென்ரரின் பெயரும் இல்லை, காரின் பெயரும் இல்லை. காரின் பெயரைச் சொன்னாலே எந்த கேற்றுக்குள் போனேன் என்று திருமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். கம்பனியின் அங்கீகாரம் பெற்ற இடம். கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன், பால்தேத்தண்ணி எல்லாம் உண்டு. என்னுடையது சின்ன ஜப்பான் ஹைபிரிட், 71 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியது. ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுக்கிறேன். இரண்டுதான் கொடுக்க இருந்தேன், அந்த அரை எப்படி வந்தது என்று போகப் போகச் சொல்கிறேன்.

கராஜுக்குப் போகாமல் ஏன் கம்பனிக்குப் போனாய் என்று கேட்பவர்களுக்கு: பயம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில், திறந்த பிறகும் வரியோடு விலை கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் வீட்டில் நிற்கிற காரைப் புது மாப்பிள்ளையைப் போல விழுந்து விழுந்து கவனிக்க வேண்டியிருக்கிறது. நான் உப்புவெளியில் இருந்து கிண்ணியாப் பக்கம் படிப்பிக்கப் போய்வருகிறேன், நாளும் சீனன்குடா தாண்டி, பாலம் தாண்டி, கடல் காற்றும் உப்பும் குடித்துக்கொண்டு. இந்தக் கார் போனால் இன்னொன்று வாங்க என் சம்பளத்துக்கு வழியில்லை.

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வியாழன் சேர்விஸுக்குக் கொடுத்தேன். மறுநாள் விடிய அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கண் வைத்தியரிடம் நாள் எடுத்திருந்தோம். நீண்ட ஓட்டம், அதற்கு முன் சேர்விஸ் செய்தால் நிம்மதி என்று நினைத்தேன். இப்போது கேட்டால் அதுதான் என் முதல் பிழை என்பேன். சேர்விஸ் செய்த காரை ஒரு கிழமை ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூரம் போக வேண்டும், பின்னேரம் எடுத்துவிட்டு விடிய 180 கிலோமீற்றருக்கு இறங்கக் கூடாது.

கவுண்டரில் இருந்த தம்பி நல்ல பிள்ளை, முகம் கொடுத்துக் கதைக்கிறார். ஆனால் முதல் கேள்வி, "ஐயா வரேல்லையா மிஸ்?" கார் என்னுடையது, ஓட்டுவதும் நான், ஒயில் எப்போது மாற்றியது என்று தெரிந்ததும் நான்தான் என்றேன். சிரித்துக்கொண்டே ஜொப் கார்டை எடுத்தார். அப்புறம் பட்டியல் ஆரம்பமாயிற்று. ஒயில், ஒயில் பில்டர், ஏசி கபின் பில்டர், எஞ்சின் ஃபிளஷ், ஹைபிரிட் பற்றரி பான் கிளீனிங், இன்னும் ஏதோ ஒரு ஸ்பிரே. ஃபிளஷும் ஸ்பிரேயும் வேண்டாம் என்றேன். கைநூலில் அப்படி ஒன்றும் இல்லை, ஒழுங்காக ஒயில் மாற்றி வருகிற எஞ்சினுக்குத் தேவையும் இல்லை.

பற்றரி பானுக்குச் சம்மதித்தேன். இது வெறும் விற்பனைக் கதை இல்லை. இந்த மாதிரிச் சின்ன ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிராக்கச் சீற்றின் பக்கத்தில் உள்ள சல்லடை வழியாகக் காருக்குள் இருக்கிற காற்றைத்தான் பான் இழுக்கிறது. தூசி, தலைமயிர், பிள்ளைகள் கொட்டுகிற பிஸ்கட் தூள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அடைத்தால் பற்றரி சூடாகும், சூடானால் ஆயுள் குறையும். பின் சீற்றில் பையை வைத்து அந்தச் சல்லடையை மூடி வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்தவுடன் போய் எடுங்கள். இந்த வேலையை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். கழற்றிய பானின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், கம்பளித் துணி ஒட்டியதுபோலத் தூசி. கழுவிய பிறகு இன்னொரு படம். அந்த அரை நட்சத்திரம் இந்த இரண்டு படங்களுக்குத்தான்.

சரி, கபின் பில்டர். நம் பக்கம் ஓகஸ்டில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே, வெக்கையும் புழுதியும். ஏசி இல்லாமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு போக முடியாது. முந்திய தடவையும் கபின் பில்டருக்குக் காசு கட்டியிருந்தேன், ஆனால் ஏசியில் இருந்து வந்த பழந்துணி மணம் போகவில்லை. கேட்டதற்கு "கொஞ்ச நாள் ஓடினால் போயிடும் மிஸ்" என்றார்கள். எனக்குச் சந்தேகம். அதனால் இந்த முறை கொடுப்பதற்கு முதல் நாள் இரவு ஒரு வேலை பார்த்தேன். கிளவ் பொக்ஸைத் திறந்து, இரண்டு பக்கமும் உள்ளே அமத்தினால் அது அப்படியே கீழே தொங்கும். பின்னால் ஒரு நீட்டு மூடி. அதை இழுத்தால் பில்டர் கையில் வரும். வந்தது, சாம்பல் நிறத்தில், மடிப்புக்குள் எங்கள் வீட்டு வேம்பின் பூவும் ஈர்க்கும் சருகும். அதன் சட்டத்தின் மூலையில் டிப்பெக்ஸால் ஒரு புள்ளி வைத்தேன். கொப்பி திருத்துகிற கை, அடையாளம் வைக்காமல் இருக்காது. திரும்பச் செருகி மூடிவிட்டேன்.

வியாழன் நாலரைக்குக் கார் தந்தார்கள். வெளியே மினுக்கம், உள்ளே வாசம், மிதிக்குக் கீழே வெள்ளைக் கடதாசி. பில் 31,850 ரூபாய், 18 வீத வற் வரி சேர்த்து. ஒயில் 4 லீற்றர், ஒயில் பில்டர், ஒயில் நட்டு வோஷர், கபின் பில்டர், பான் கிளீனிங், கூலி என்று வரிசையாக இருந்தது. கண்ணாடியில் அடுத்த சேர்விஸ் ஸ்டிக்கர். அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. என் மீற்றரில் 71,340, ஸ்டிக்கரில் அடுத்த சேர்விஸ் 64,800. காரைப் பின்னுக்கே ஓட்டிக்கொண்டு போனால்தான் அந்தக் கணக்கு வரும். இன்னொரு காரின் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள், சின்னப் பிழைதானே என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. ஸ்டிக்கர் மாறினால் வேறு என்ன மாறியது என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். ஆனால் அம்மா போன் மேல் போன், செக்கியூரிட்டி கேற்றைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் ஒரு வான் ஹோன் அடிக்கிறது. வந்துவிட்டேன்.

வெள்ளி விடிய நாலரைக்கு வெளிக்கிட்டோம். கந்தளாய் வரைக்கும் சுமார் 40 கிலோமீற்றர், ஒரு குறையும் இல்லை. அங்கே வீதியோரத் தயிர்க் கடையில் அம்மா நிற்பாட்டச் சொன்னார். கண்டியில் சித்தி வீட்டுக்குக் கந்தளாய்த் தயிர்ச்சட்டி இல்லாமல் போகக் கூடாதாம். தயிர் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், காருக்குக் கீழே கிறவலில் ஒரு கறுத்த பொட்டு. ஏசித் தண்ணியாக்கும் என்று குனிந்தேன். ஏசித் தண்ணி விரலில் ஒட்டாது, தேய்த்தால் தேன் மாதிரி வழுக்காது. பார்த்துக்கொண்டு நிற்கவே இன்னொரு சொட்டு விழுந்தது. புது ஒயில், தேத்தண்ணிச் சாயம்போலத் துப்புரவான நிறம். அதுதான் இன்னும் வயிற்றைக் கலக்கியது. நேற்று ஊற்றிய ஒயில் இன்று நிலத்தில்.

தயிர்க்காரர் காட்டிய திசையில் ஒரு கராஜ், அந்த நேரத்துக்கே திறந்திருந்தது. நானா ஒருவர், அறுபது வயதிருக்கும், சாரத்தை மடித்துக் கட்டியபடி பலகையில் படுத்து உள்ளே போனார். ரோர்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் ஆடியது. வெளியே வந்து, "வோஷர் மாத்தல்ல தங்கச்சி. பழசையே போட்டிருக்கான்" என்றார்.

ஒயில் இறக்குகிற நட்டின் தலைக்கும் ஒயில் தாச்சிக்கும் இடையில் ஒரு வளையம் இருக்கிறது, செம்பிலோ அலுமினியத்திலோ செய்தது, ஒரு ரூபாய்க் குற்றி அளவுதான் இருக்கும். நட்டை இறுக்கும்போது அது நசிந்து, இடைவெளி இல்லாமல் மூடும். ஒரு தடவை நசிந்ததைக் கழற்றித் திரும்பப் போட்டால் அதே மாதிரி நசியாது, கசியும். அதற்காக இன்னும் இறுக்கினால் தாச்சியின் புரி போய்விடும், அப்போது செலவு வேறு கணக்கு. நானா இதை எனக்குச் சொல்லித்தந்தது ஒரு நெஸ்ரமோல்ட் டின்னுக்குள் விரலை விட்டு வோஷர் தேடிக்கொண்டே. என் பில்லில் அந்த வோஷருக்கு 350 ரூபாய் போட்டிருந்தது.

அளவுக்கோலை இழுத்துப் பார்த்தார், துடைத்துவிட்டுத் திரும்ப விட்டு இழுத்தார். மேல் கோட்டைத் தாண்டி ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒயில். "கூடவும் ஊத்தி, ஒழுகவும் உட்டிருக்கான். கண்டி போய்ச் சேர அளவு சரியா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அம்மாவுக்கு வந்தது. கைநூலை எடுத்துப் பார்த்தால் பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர் என்று இருக்கிறது. 4 லீற்றர் கானை உடைத்து அப்படியே கவிழ்த்துவிட்டார்கள். இந்தளவு கூடினால் எஞ்சின் போய்விடாது என்று நானாவே சொன்னார். நிறையக் கூடினால்தான் உள்ளே சுழலுகிற தண்டு ஒயிலில் அடித்து நுரைக்கப் பண்ணும், நுரை ஒயில் வேலை செய்யாது. ஆனாலும் கைநூலில் தெளிவாக எழுதியிருக்கிற ஒரு கணக்கைப் பார்க்காமல் விட்டதற்கு என்ன பெயர்?

எஞ்சின் ஆறட்டும் என்று இருபது நிமிடம் இருந்தோம். சும்மா இருக்க முடியாமல் கிளவ் பொக்ஸைத் திறந்தேன். அமத்தினேன், தொங்கியது, மூடியை இழுத்தேன். வேப்பம்பூ அப்படியே. மூலையில் என் டிப்பெக்ஸ் புள்ளி அப்படியே. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ர புள்ளிதானே பிள்ளை அது?" என்றார். பில்லில் கபின் பில்டர் 4,600 ரூபாய். இது மறதி இல்லை என்று எனக்கு அப்போது பட்டது, இப்போதும் அப்படித்தான் படுகிறது, ஆனால் யார் செய்தது என்று எனக்குத் தெரியாது, அதனால் ஒருவரையும் கள்ளன் என்று எழுத மாட்டேன்.

நானா துப்புரவான தாச்சி ஒன்றில் ஒயிலை இறக்கி, புது வோஷர் போட்டு, கோலில் பார்த்துப் பார்த்துத் திரும்ப ஊற்றினார். கடைசியில் கால் லீற்றருக்குக் கொஞ்சம் குறைய மிச்சம். அதைத் தண்ணிப் போத்தல் ஒன்றில் விட்டு, மூடியை இறுக்கி, என் கையில் தந்தார். "இது உங்கட காசு, கொண்டு போங்க." கூலி எவ்வளவு என்றதற்கு 500 தாங்க என்றார். வற்புறுத்தி 1,000 கொடுத்தேன். கண்டிக்குப் போய், வைத்தியரைப் பார்த்து, சனிக்கிழமை திரும்பி வந்தோம், ஒரு சொட்டும் இல்லை.

திங்கள் காலை அதே கவுண்டர். சொப்பின் பையில் இருந்து பழைய கபின் பில்டரை எடுத்து வைத்தேன், பக்கத்தில் ஒயில் போத்தல், அதன் பக்கத்தில் நசிந்த வோஷர். தம்பி கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், சிஸ்டத்தில மாத்தினது எண்டுதான் காட்டுது" என்றார். நான் பில்டரின் மூலையைத் திருப்பிக் காட்டினேன். திரும்பவும் சிஸ்டத்தைப் பார்த்தார். மூன்றாம் தடவையும் அவர் பார்த்தது சிஸ்டத்தைத்தான், பில்டரை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது உண்மையில் இந்த இடத்தில்தான், கந்தளாயில் இல்லை. பிழை எவருக்கும் வரும், எனக்கும் வரும், நாற்பது கொப்பி திருத்தினால் இரண்டில் கூட்டல் பிழைக்கும். ஆனால் அங்கே நடைமுறை எப்படி என்றால், காரைப் பற்றி உங்களிடம் கதைக்கிறவர் காரைத் தொடுவதில்லை, காரைத் தொடுகிறவரை நீங்கள் பார்ப்பதில்லை, இடையில் ஜொப் கார்ட் ஒன்று. காலையில் கார்டில் என்ன சரி போட்டார்களோ அது பின்னேரம் பில்லாக வந்து விழுகிறது. நடுவில் ஒரு மனிதர் மூடியைத் திறந்து பார்த்தாரா என்று எவரும் கேட்பதில்லை. பில் என்பது செய்த வேலையின் கணக்கு என்று நாம் நினைக்கிறோம். அது காலையில் எழுதிய ஆசையின் கணக்கு.

வேர்க்ஷொப் மனேஜரைக் கூப்பிடுங்கள் என்று இருந்துவிட்டேன். வந்தார், வயதானவர், சிங்களம், தமிழ் பாதிபாதியாகக் கதைத்தார். அவர் சிஸ்டத்தைப் பார்க்கவில்லை, போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், வோஷரை நகத்தால் சுரண்டினார், "இது எங்கள் பிழை" என்றார். அவ்வளவுதான், சுற்றி வளைக்கவில்லை. காரை மேலே ஏற்றி, நட்டு, பில்டர், கீழ் மூடியின் கிளிப் எல்லாம் என் கண் முன்னே பார்த்தார். கிளிப் இரண்டு இல்லை, போட்டுத் தந்தார். வேலை செய்த பையனையும் கூப்பிட்டார். இருபது வயதுகூட இருக்காது, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவன் கையில் ஒன்பது வாகனமாம். நான் படிப்பித்த பிள்ளை ஒன்று வந்து முன்னால் நிற்பதுபோல இருந்தது, ஏசவும் மனம் வரவில்லை, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை. ஒன்பதை அவனிடம் கொடுத்தவரைத்தான் ஏச வேண்டும்.

கபின் பில்டருக்கும் வோஷருக்கும் கட்டிய காசைத் திருப்பித் தந்தார்கள், புது கபின் பில்டரை இலவசமாகப் போட்டார்கள். அடுத்த சேர்விஸில் 10 வீதக் கழிவு என்றும் சொன்னார்கள். கழிவு வேண்டாம், நடந்ததை ஜொப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். இதற்குத்தான் தயங்கினார்கள், காசு தரத் தயங்கவில்லை, எழுதத் தயங்கினார்கள். கடைசியில் மனேஜர் தன் கையாலேயே எழுதித் தந்தார். தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போக ஆயத்தமாகத்தான் இருந்தேன். இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் பொருள் மட்டும் இல்லை, சேவையும் அடங்கும், கராஜ் வேலையும் சேவைதான். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். அதனால் பில்லைக் கிழித்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, இது பிறகு தெரிந்தது. இரண்டு கிழமை கழித்து அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட ரயர் காற்றுப் போய், கடைப் பையன் நட்டைக் கழற்ற ஸ்பானரில் ஏறி நின்றும் அசையவில்லை. சேர்விஸில் பிறேக் பார்க்கச் சில்லைக் கழற்றியவர்கள் காற்றுத் துவக்கால் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். துவக்கால் ஓட்டிவிட்டு, கடைசி இறுக்கத்தை அளவு காட்டுகிற ஸ்பானரால் கையாலே கொடுக்க வேண்டும், சின்னக் கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீற்றர். ஊருக்குள் நடந்ததால் தப்பினேன். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில், பொழுதுபட்ட பிறகு, யானை வருகிற இடத்தில், டிக்கியில் இருக்கிற சின்ன ஸ்பானரோடு நான் நின்றிருந்தால்? அதை மனேஜருக்குப் போனில் சொன்னேன், வந்து இறுக்கிக்கொண்டு போங்கள் என்றார், போனேன்.

திரும்பப் போவாயா என்றால், போனேன். ஹைபிரிட் பற்றரி, ஸ்கேன் போன்ற வேலைக்கு நம் ஊரில் அந்தளவு கருவி வைத்திருக்கிற கராஜ் எனக்குத் தெரியாது. வெறும் ஒயிலும் பில்டரும் என்றால் நம்பிக்கையான கராஜில், பக்கத்தில் நின்று பார்த்துச் செய்வதே மேல், ஒயில் மட்டும் கைநூலில் சொன்ன தரமா என்று கானைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பனிக்குப் போனால் சாவியைக் கொடுக்கும்போதே "கழற்றுகிற பழைய சாமான் எல்லாம் எனக்கு வேண்டும்" என்று ஜொப் கார்டில் எழுதுவியுங்கள். பின்னேரம் கேட்டால் வீசிவிட்டோம் என்பார்கள். வெளியே எடுக்க முன் பொனற்றைத் திறந்து கோலை ஒரு தடவை இழுங்கள், கிளவ் பொக்ஸைத் தொங்க விடுங்கள், நின்ற இடத்தில் நிலத்தைப் பாருங்கள், எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம். பின்னால் வான் ஹோன் அடித்தால் அடிக்கட்டும்.

டிசம்பரில், மழை கொட்டுகிற நாளில், அடுத்த சேர்விஸுக்குப் போனேன். அதே தம்பி. இந்த முறை "ஐயா வரேல்லையா" இல்லை. பின்னேரம் ஒரு காட்போட் பெட்டியில் பழைய ஒயில் பில்டர், காற்று பில்டர், கபின் பில்டர், கடதாசியில் சுற்றிய வோஷர் எல்லாம் வந்தது. ஒயில் 3.7 லீற்றருக்குத்தான் பில். ஸ்டிக்கரில் இலக்கமும் சரி. கோலை இழுத்துப் பார்த்தேன், அவர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"மிஸ், இந்த முறையும் புள்ளி போட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மூன்று இடத்தில் போட்டிருந்தேன்.